பெடலைப் பார்த்து மிதி

திங்கட்கிழமை காலையிலிருந்தே கட்டிங் மிஷினின் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

அழகுமீனா பைண்டிங் மேசையில் உட்கார்ந்து, காலண்டர் தாளின் தலைப்பில் தகரப் பட்டையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். மிஷினுக்கும் அவள் மேசைக்கும் நடுவில் ஒரு தாள் அடுக்கு மட்டும்தான். அந்த அச்சுக் கம்பெனியில் சேர்ந்த நாள் முதலாக அவள் காதில் விழுந்து பழகிய சத்தம் அது. வெட்டுகிறவர் பெடலை மிதித்ததும் கிளாம்ப் இறங்கித் தாள்கட்டை அமுக்கும். அது ஒரு 'தொம்'. பிறகு அவர் கைகளை வெளியே எடுத்து, மிஷினின் இரண்டு ஓரத்திலும் இருக்கிற பட்டன்களைச் சேர்த்து அழுத்த வேண்டும். அந்த நேரத்துக்குச் சத்தம் இருக்காது. அப்புறம்தான் பிளேடு இறங்கும், 'நறுக்'கென்று. அன்றைக்கு நடுவில் இருந்த அந்த இடைவெளி இல்லை. இரண்டு சத்தமும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தன.

"என்னண்ணே, இன்னைக்கு ஓட்டமா ஓடுது?" என்று கேட்டாள்.

காலை ஷிப்டில் வெட்டுகிற நாகையா தாள்கட்டைத் தட்டி ஓரம் சேர்த்தபடியே, திரும்பாமல் சொன்னார். "நேத்து மெக்கானிக்கு வந்து என்னமோ பண்ணிட்டுப் போயிருக்கான் தங்கச்சி. வேலை சட்டுனு ஆகுது. எனக்கும் கை வலி மிச்சம்."

தீபாவளி முடிந்திருந்தது. பட்டாசு ஆலைகளின் வேன்கள் ஆள் இல்லாமல் நின்றன. அச்சகங்களில்தான் இப்போது மூச்சுவிட நேரமில்லை. விஜயவாடாவுக்கும் புனேவுக்கும் போக வேண்டிய காலண்டர் லோடுகள் பின்தங்கிக் கிடந்தன. சின்ன முதலாளி ஒரு மணிக்கு ஒருமுறை வந்து, வெட்டி முடித்த கட்டுகளைப் பார்த்துவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

இரண்டு மணிக்கு வெட்டுகிறவர்களின் ஷிப்ட் மாறியது. அழகுமீனாவின் புருஷன் ஜெயபாண்டிதான் அடுத்த ஷிப்டில் வெட்டுகிறவன். விஸ்வநத்தத்து வீட்டிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினான். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, மேசைப் பக்கம் வந்து அவளுடைய சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து பார்த்தான்.

"முட்டையைத் திங்காம வச்சிருக்க?"

"ஒங்களுக்குத்தான். சாயங்காலம் பசிக்கும்லா?"

நாகையா அதற்குள் கைகால் கழுவிவிட்டு வாசலுக்குப் போயிருந்தார். அவர் இரண்டே கால் மணி டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். படியில் ஒரு காலை வைத்தவர் திரும்பி, பிரிண்டிங் மிஷின்களின் இரைச்சலுக்கு மேலே கத்தினார்.

"மாப்ளே, பெடலைப் பாத்து மிதி!"

"நீ பாத்துப் போ மச்சான். பஸ்ஸு போயிரப்போகுது!" என்று ஜெயபாண்டி சிரித்தான்.

அழகுமீனாவும் அதைக் கேட்டாள். பெடலில் எண்ணெய் சிந்தியிருக்கும், கால் வழுக்கும் என்பதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தாள். ஜெயபாண்டியும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். அவன் குனிந்து பழைய துணி ஒன்றால் பெடலை அழுந்தத் துடைத்தான். பிறகு முதல் தாள்கட்டை எடுத்துத் தட்டி, மிஷினுக்குள் தள்ளினான். வழக்கம்போல இடது உள்ளங்கையைத் தாளின் மேல் வைத்து, உள்ளே இருக்கும் காற்றை நீவி வெளியேற்றினான். கிளாம்ப் இறங்கி வருகிறபோதே கையை இழுத்துக்கொள்வது அவனுக்குப் பழக்கம். பெடலை முழுசாக மிதித்தான். 'தொம்'மும் 'நறுக்'கும் ஒன்றாக விழுந்தன.

அவன் அலறவில்லை. "தாளை எடுங்க, தாளை எடுங்க, கறையாயிரும்" என்றுதான் சொன்னான். அழகுமீனா எழுந்து ஓடியபோது, அவன் இடது மணிக்கட்டை வலது கையால் இறுக்கிப் பிடித்தபடி, மிஷினின் மேசையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஊர் ஆஸ்பத்திரியில் முதலுதவிக் கட்டுப் போட்டு, அங்கிருந்து மதுரைக்கு அனுப்பினார்கள். இடது கையில் கட்டை விரல் மட்டும் மிஞ்சியது.

அந்த வாரக் கடைசியில், கூடப்பிறந்த அண்ணனின் பெண்டாட்டியை ஆஸ்பத்திரியில் துணைக்கு வைத்துவிட்டு அழகுமீனா கம்பெனிக்கு வந்தாள். மேனேஜர் தனுஷ்கோடி கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து லாரி ஆபீஸோடு பேசிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு நாற்காலியைக் காட்டினார். அவள் உட்காரவில்லை.

"ஆஸ்பத்திரிச் செலவுக்கு நீ கவலைப்படாதே. முதலாளி பார்த்துக்கிடுதேன்னு சொல்லிட்டாக. ஒன் வேலையும் அப்படியே இருக்கு. எப்ப முடியுதோ அப்ப வா."

"அது சரி அண்ணாச்சி. மிஷினை என்ன பண்ணுனீக?"

"என்ன பண்ணுனோம்?"

"பெடலை மிதிச்சா கிளாம்பு மட்டுந்தான இறங்கும். பிளேடு எப்படி இறங்குச்சு?"

தனுஷ்கோடி மேசைமேல் இருந்த பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார், திரும்ப மாட்டினார்.

"சீசன்ல வேலை வேகமா ஓடணும்லா? பாதி மிதிச்சா கிளாம்பு, முழுசா மிதிச்சா பிளேடு. பட்டனுக்குக் கை போக வேண்டாம். சின்ன மாத்தம்தான். நாகையா அதுலதான காலையிலேர்ந்து வெட்டுனான்? அவனுக்கு ஒண்ணும் ஆகலியே."

"அவருக்குச் சொல்லியிருக்கீக. இவுகளுக்கு யாரு சொன்னது?"

"நாகையாகிட்ட சொன்னேன், அடுத்த ஷிப்டுக்குச் சொல்லிருன்னு. நோட்டீஸும் ஒட்டியிருக்கு. நீயே போய்ப் பாரு."

அவள் போய்ப் பார்த்தாள். கட்டிங் மிஷினுக்குப் பின்னால், கரண்டு போர்டுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. சின்ன முதலாளி கம்ப்யூட்டரில் அடித்தது. நாலு வரி, எல்லாம் இங்கிலீஷ். வெட்டுகிறவர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் அது மிஷினின் முதுகுக்குப் பின்னால் மறைந்திருந்தது. மிஷினில் அப்போது நாகையா வெட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தள்ளி வைத்துக்கொண்டார்.

அவள் திரும்ப மேனேஜர் அறைக்கு வந்தாள்.

"எல்லாப் பாஷையிலயும் காலண்டர் அடிக்கிறீக. தெலுங்குல அடிக்கிறீக, மராட்டியில அடிக்கிறீக. இங்கன நிக்கிற மனுசனுக்குத் தமிழ்ல ஒரு சீட்டு அடிக்க முடியலியா?"

தனுஷ்கோடியின் மேசையில் போன் அடித்தது, எடுத்துக்கொண்டார்.

வெளியே வந்தவளை நாகையா வாசலில் மறித்தார். முகத்தைத் துடைத்த துண்டு இன்னும் கையிலேயே இருந்தது.

"நான் சொன்னேன் தங்கச்சி. ஒனக்கும் கேட்டுச்சுல்ல?"

"என்ன சொன்னீக?"

"பெடலைப் பாத்து மிதின்னு."

"பிளேடு வரும்னு சொன்னீகளா அண்ணே?"

நாகையா துண்டைத் தோளில் போட்டார். திரும்ப எடுத்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு. அம்புட்டுத்தான் சொல்ல முடிஞ்சுது" என்றார்.

ஜெயபாண்டியை வீட்டுக்குக் கூட்டி வந்த பிறகு, பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் அவன் ஒன்றையேதான் சொன்னான். "என் காலுதான மிதிச்சுச்சு. நான் பாத்து மிதிச்சிருக்கணும்." கட்டிலில் உட்கார்ந்து பேசும்போதே அவனுடைய வலது பாதம் தரையை ஒருமுறை அமுக்கும். உடனே கையை மடியிலிருந்து வெடுக்கென்று தூக்குவான். இது நடப்பது அவனுக்குத் தெரியாது. அழகுமீனா மற்றவர்கள் முன்னால் ஒன்றும் சொல்லமாட்டாள். ஒருநாள் மட்டும், கட்டுப் பிரித்து மருந்து வைக்கிறபோது சொன்னாள்.

"ஏங்க, ஒங்க மேல ஒரு தப்பும் இல்லங்க."

"மச்சான் சொன்னாருலா."

"அவரு சொன்னது ஒங்களுக்கு வெளங்குச்சா?"

அவன் யோசித்தான். "பாத்து மிதின்னாரு. நான் எண்ணெயைத் துடைச்சேன்" என்றான். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள்கள் குலுங்கின. அழகுமீனா மருந்துப் பஞ்சைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள்.

தொழிலாளர் சங்கத்து ஆபீஸில் ஒருவர் அவளுக்கு மனு எழுதிக் கொடுத்தார். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வந்து மிஷினைப் பார்த்து, பெடலை மாற்றியது உண்மைதான் என்று எழுதிவிட்டால் நஷ்டஈடு கேட்க வழி உண்டு என்றார். மனு கொடுத்துச் சில வாரம் கழித்து, ஒரு வியாழக்கிழமை காலையில் இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்தார். அழகுமீனா அதற்குள் வேலைக்குத் திரும்பியிருந்தாள். வேறு வழியில்லை. அவளையும் மிஷினடிக்குக் கூப்பிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் வயதானவர், நிதானமாகப் பேசினார். பெரிய முதலாளி, சின்ன முதலாளி, தனுஷ்கோடி மூன்று பேரும் அவருக்குப் பின்னால் நின்றார்கள். பிரிண்டிங் மிஷின்களை நிறுத்தியிருந்ததால், அந்தக் கட்டடத்தில் அவள் ஒருநாளும் கேட்டிராத அமைதி இருந்தது. கரண்டு போர்டுக்குப் பக்கத்தில் இருந்த வெள்ளைத் தாளைக் காணோம். நாலு மூலையிலும் பசை மட்டும் காய்ந்திருந்தது.

"இந்தப் பெடல் எதுக்குப்பா?" என்று நாகையாவைக் கேட்டார்.

நாகையா மிஷினைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கிளாம்புக்கு சார்."

"பிளேடு?"

"ரெண்டு பட்டனையும் சேத்து அமுக்கணும் சார்."

"பொய்!" என்றாள் அழகுமீனா. அவள் குரல் அந்த அமைதியில் பெரிதாகக் கேட்டது. "பெடலை முழுசா மிதிச்சா பிளேடு வரும் சார். மேனேஜரே என்கிட்ட சொன்னாக. மிதிக்கச் சொல்லிப் பாருங்க."

இன்ஸ்பெக்டர் அவள் பக்கம் திரும்பினார். "நீயே மிதிச்சுப் பாரும்மா. கையைத் தள்ளி வச்சுக்கோ."

அவள் செருப்பைக் கழற்றினாள். ஜெயபாண்டி நின்ற இடத்தில் நின்றாள். பெடல் சில்லென்று இருந்தது. இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, உடம்பின் கனம் முழுவதையும் அந்த ஒரு காலில் போட்டு மிதித்தாள்.

'தொம்' என்று கிளாம்ப் இறங்கியது. பிளேடு இறங்கவில்லை.

காலை எடுத்தாள். கிளாம்ப் மெதுவாக மேலே ஏறியது. இன்னொரு தரம் மிதித்தாள். கிளாம்ப்தான் இறங்கியது. மூன்றாம் தரம் மிதித்தபோது, "போதும்மா" என்று தனுஷ்கோடி மெல்லச் சொன்னார். இன்ஸ்பெக்டர் தன் கையாலேயே இரண்டு பட்டன்களையும் அழுத்திப் பார்த்தார். அப்போதுதான் பிளேடு வந்தது. மிஷின் சரியாக இருக்கிறது என்று எழுதிக்கொண்டார். "கவனமா இருந்திருக்கணும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஆபீஸ் அறைக்குப் போனார். ஆள் ஓடிப்போய் இளநீர் வாங்கி வந்தான்.

அழகுமீனா பைண்டிங் மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். செருப்பு மிஷினடியிலேயே கிடந்தது. நாகையா அதை எடுத்துக்கொண்டு வந்து அவள் காலடியில் வைத்தார்.

"நேத்து சாயங்காலமே பழையபடி மாத்திட்டாக போல, தங்கச்சி" என்றார், உதடு அசையாமல்.

"அதை அவருகிட்டச் சொன்னா என்ன?"

"எனக்குந்தான் யாரும் சொல்லலை. காலையில வந்து மிதிச்சேன். பிளேடு வரலை. மிஷினு ரிப்பேருன்னு நெனச்சேன். ஜீப்பைப் பாத்தபொறவுதான் வெளங்குச்சு."

"அதைத்தான் கேக்கேன். வெளங்கிருச்சுல்ல? சொன்னா என்ன?"

நாகையா அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "பெடல் எதுக்குன்னு கேட்டாரு. இன்னைக்கு அது எதுக்கோ அதைச் சொன்னேன்" என்றார். "ரெண்டு பொம்பளப் பிள்ளைக இருக்கு தங்கச்சி." அவள் தகரப் பட்டையை எடுத்து வேலையைத் தொடங்கினாள். அவர் போய்விட்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கழிந்து திங்கட்கிழமை அவள் வேலைக்கு வந்தபோது, 'தொம்'முக்கும் 'நறுக்'குக்கும் நடுவில் இடைவெளி இல்லை. மேசையில் இருந்த மற்றப் பெண்களும் அதைக் கேட்டார்கள். ஒருத்தி நிமிர்ந்து அழகுமீனாவைப் பார்த்தாள், சட்டென்று குனிந்துகொண்டாள்.

இரண்டு மணி ஷிப்டுக்குப் புது ஆள் வந்தான். பேர் செல்லச்சாமி. தாயில்பட்டிக்காரன், வேறொரு அச்சகத்தில் வெட்டிக்கொண்டிருந்தவன். இந்த மிஷினில் நடந்தது அவன் ஊர் வரைக்கும் போயிருந்தது. நாகையா அன்றைக்கு உடம்புக்கு முடியவில்லை என்று முன்னதாகவே கிளம்பிவிட்டிருந்தார். செல்லச்சாமி மேனேஜர் அறைக் கண்ணாடியைத் தட்டி என்னவோ கேட்டான். போனில் பேசிக்கொண்டிருந்த தனுஷ்கோடி, வேலையைத் தொடங்கு என்று கையை அசைத்தார். அவன் மிஷினடிக்குத் திரும்பி வந்து, தாள் அடுக்குக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"யக்கா, இன்னைக்கு இதை எப்படி வச்சிருக்காக?"

அழகுமீனா காலையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்ததை அவனிடம் சொன்னாள். "முழுசா மிதிச்சா பிளேடு வரும் தம்பி. காலையில அப்படித்தான் இருந்துச்சு" என்றாள். பிறகு, "இப்ப எப்படின்னு எனக்குத் தெரியாது" என்றாள்.

"ஏலே, என்ன பேச்சு அங்க? லோடு நிக்குது!" என்று தனுஷ்கோடியின் குரல் வந்தது.

செல்லச்சாமி ஒரு கழிவு அட்டையை எடுத்து பிளேடுக்கு அடியில் போட்டான். ஓர் அடி பின்னால் வந்தான். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், ஒரு கையால் மற்றொரு கையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அப்படியே நின்று, காலை மட்டும் நீட்டிப் பெடலைத் தேடினான். பைண்டிங் மேசையில் எல்லாக் கைகளும் நின்றிருந்தன.