மேஜருக்குப் போன மாத்திரை

1979 மார்ச் மாதம், கெடா மாநிலத்தில் பாடாங் மேஹாவுக்கு அருகிலுள்ள ஒரு ரப்பர் தோட்டத்தில், டக்ளஸ் வளர்த்த வேட்டைநாய் செத்தது. அதன் பெயர் மேஜர்.

டக்ளஸ் பால்மரம் சீவுபவன். வேலை முடிந்து வந்ததும் பழைய சோற்றில் கருவாட்டுத் தலையைப் பிசைந்து நாய்க்கு வைப்பான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கூட்டாளிகளோடு பன்றி வேட்டை. கறியைப் பங்கு போடும்போது மேஜருக்கும் ஒரு பங்கு உண்டு. அந்த வருடம் வெயில் தொடங்கியபோது நாய் இளைத்துப்போனது.

"என்னடா டக்ளஸ், மேஜர்னு பேரு வச்சே. பாத்தா மைனராட்டம் நிக்குது?" என்று சிரித்தான் முனியாண்டி. வேட்டையில் மூத்தவன். அவனுடைய நாயின் மயிர் எண்ணெய் பூசியதுபோல் மின்னியது.

"உன்னோடதுக்கு என்னண்ணே போடுற?"

"சத்து மருந்துலா. மாவாட்டம் இருக்கும். குருண் டவுன்ல கோழித்தீவனக் கடையில விக்கிறான். போய் வாங்கு."

டக்ளஸ் குருணுக்குப் போகவில்லை. சத்து மருந்து வீட்டிலேயே இருந்தது.

அது அவன் மனைவி நவமணியுடையது. ஐந்து மாதக் கர்ப்பிணி. தோட்டத்து மருந்தகத்தில் அவளுக்குக் கொடுத்த சிவப்பு மாத்திரைகள் மைலோ டின்னில் கிடந்தன. சில நாள் விழுங்கினாள். மலம் கறுத்துப்போனதைப் பார்த்துப் பயந்து நிறுத்திவிட்டாள். "உள்ள கறுத்தா பிள்ளையும் கறுப்பாத்தான் பொறக்கும். அதைத் தொடாத தாயி" என்று பக்கத்து வீட்டுப் பாப்பம்மா வேறு சொல்லியிருந்தாள். மருந்தகத்தில் இரும்புச்சத்து மாத்திரை என்று முழுப்பெயர் சொல்லித்தான் கொடுத்தார்கள். வீடு வந்து சேர்வதற்குள் இரும்பு உதிர்ந்துபோய், சத்து மட்டும் மிஞ்சியது.

"நீதான் திங்கிறதில்லையே. மேஜருக்குப் போடவா?"

"போடுங்க. அது ஏற்கெனவே கறுப்புத்தானே."

இருவரும் சிரித்தார்கள்.

முதலில் சோற்றோடு ஒன்றிரண்டு வைத்தான். நாய் தேறவில்லை. மறுநாள் பெரிய வேட்டை என்றிருந்த சனிக்கிழமை மத்தியானம், டின்னைக் கவிழ்த்து மிச்சமிருந்த எல்லாவற்றையும் கருவாட்டோடு பிசைந்து வைத்தான். மேஜர் தட்டை நக்கித் துடைத்தது.

சாயங்காலம் ரத்தமாக வாந்தி எடுத்தது. காலையில் எழுந்து நின்று வாலை ஆட்டியது. "தேறிருச்சு பாத்தியா" என்று டக்ளஸ் நிம்மதியாகப் பூசைக்குப் போனான். திரும்பி வந்தபோது நாய் கால்களை நீட்டிப் படுத்திருந்தது. கூப்பிட்டும் தலையைத் தூக்கவில்லை.

கெடாவில் அரசாங்க விடுமுறை வெள்ளிக்கிழமைதான்; ஞாயிற்றுக்கிழமை அலுவலகங்கள் திறந்திருக்கும். கூலிமில் தோட்டத்து மக்கள் மாட்டு ஆஸ்பத்திரி என்று சொல்லும் அரசாங்கக் கால்நடை மருத்துவமனைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பினான். நாயைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும்.

"நான் மடியில வச்சுக்கிறேன்" என்றாள் நவமணி.

"இந்த நெலைமையிலயா?"

"பேசாம வண்டிய எடுங்க. அது மூச்சு வாங்குது."

அங்கே இருந்த மலாய் டாக்டர் நாயின் ஈறுகளைத் திறந்து பார்த்தார். வெளுத்திருந்தன. என்ன கொடுத்தாய் என்று கேட்டார். "சத்து மருந்து" என்று டக்ளஸ் தனக்குத் தெரிந்த மலாயில் சொல்லி, காலி டின்னை நீட்டினான். அடியில் சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது.

"உபாட் சியாப்பா?" என்றார் டாக்டர். யாருடைய மருந்து?

டக்ளஸ் பின்னால் திரும்பிக் கையைக் காட்டினான். நவமணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். தலை சுற்றியது. அவளுடைய உதடும் நாயின் ஈறைப்போலவே வெளுத்திருந்தது.

"இதை நாய் தின்றால், அவர் எதைச் சாப்பிடுவார்?" என்று டாக்டர் மலாயில் கேட்டார்.

ஊசி போட்டும் நாய் பிழைக்கவில்லை. அது இளைத்ததற்குக் காரணம் வயிற்றுப் புழு, புழு மருந்தே போதுமாயிருந்தது, மனிதர் மாத்திரை அளவு மீறிப் போய் நாயின் குடலையும் ஈரலையும் அரித்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். நவமணியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நேராக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகும்படி சொல்லி அனுப்பினார்.

மறு வாரம் முனியாண்டி ஒரு நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். கையில் குருண் மாவுப் பொட்டலமும் இருந்தது. துக்கம் விசாரிக்கும் முறை அது.

"குட்டியக் குடுண்ணே. மாவு வேணாம்."

"நல்ல சத்துடா இது."

"நல்லதுதாண்ணே. யாருக்குச் சத்து, எதுக்குச் சத்து, எவ்வளவு சத்துன்னு மொதல்ல கேக்கணும். நான் கேக்கல. வாயில்லாத ஜீவனைக் கொன்னுட்டேன். வயித்துல பிள்ளையோட இருக்கிறவ மாத்திரையையும் எடுத்துக் குடுத்துட்டேன். இதை மொதல்ல டாக்டர்கிட்டக் காட்டுறேன். அவர் போடச் சொன்னாப் போடுறேன்."

பக்கத்து வீட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பாப்பம்மா உள்ளே போய்விட்டாள். நவமணி, ஆஸ்பத்திரியில் கொடுத்த புதிய டின்னிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தண்ணீரோடு விழுங்கினாள்.

ஜூலையில் கூலிம் அரசாங்க ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எடை கொஞ்சம் குறைவு. மாநிறம்.