தெருவில் போட்ட நாற்காலிகள்

நெவிலுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அதுவும் ஊர் சுற்றிக் காட்டும் நடை வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமையில்.

பர்மிங்காமின் ஓரத்தில் இருக்கும் ஹாப்லி எண்ட் தெருக்களையும் பழைய பப்புகளையும் மாதம் ஒருமுறை ஊராருக்குச் சுற்றிக் காட்டிக் கதை சொல்வது அவர் வழக்கம். பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அந்தப் பகுதிக்குப் பிழைக்க வந்தவர்தான், ஆனால் அங்கேயே பிறந்தவர்களைவிட அதன் மேல் அவருக்குப் பிரியம் அதிகம். நடை கிளம்புவது 'கறுப்பு அன்னம்' பப் வாசலில். அதை நடத்துகிற ஜானிஸுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. "செங்கல் சுவத்தைக் காட்டிக் கதை அளக்குறாரு. சனங்க வர்றது என் இறைச்சிப் பணியாரத்துக்கு" என்பாள்.

அன்று வாசலில் பெருங்கூட்டம். நெவில் வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது.

"போய்ப் படுய்யா, எல்லாரையும் அனுப்பிடுறேன்" என்றாள் ஜானிஸ்.

அவர் அவள் காதருகே குனிந்து, "உன் குரல் மூணு தெருவுக்குக் கேக்கும். நான் சொல்றேன், நீ கத்து" என்றார்.

"எனக்கு வேற வேலை இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே கோட்டை மாட்டிக்கொண்டாள்.

முதலில் கடனே என்றுதான் கத்தினாள். கால்வாய் முனையில் ஆணி அடித்த பட்டறைகள், குதிரைகள் தண்ணீர் குடித்த தொட்டி என்று நெவில் முணுமுணுத்ததை அப்படியே ஒப்பித்தாள். போகப் போகச் சொந்தச் சரக்கும் சேர்ந்தது. "இந்த வீட்டு ஆளு பன்னியைக் குளியலறையில வளர்த்தாராம். இப்ப குடியிருக்கிறவரு பரவால்ல, கிளிதான் வச்சிருக்காரு" என்றதும் மேல் ஜன்னலிலிருந்து ஒருவர், "எல்லாம் காதுல விழுது ஜானிஸ்!" என்று கத்தினார். கூட்டம் கொல்லென்று சிரித்தது.

சலவைக்காரத் தெரு முனையில் 'மூன்று லாடம்' என்ற பப் இருந்த கட்டடம். இப்போது அது ஹர்பாலின் மளிகைக்கடை. ஜானிஸ் காதைச் சாய்த்தாள். நெவில் ஓரடி பின்னால் நகர்ந்துகொண்டார்.

"என்னய்யா, மறந்து போச்சா?"

"இது நீ சொல்ல வேண்டியது. உங்கம்மா கதை."

"அது எங்க வீட்டுச் சமாச்சாரம். அதப்போயி சரித்திரம்னு சொல்லுவாங்களா?"

"பின்ன?" என்றார் நெவில்.

கூட்டம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. ஜானிஸ் தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, அந்தப் பப்பில் கணப்பு எரிகிற முன்னறை ஆண்களுக்கு மட்டும்தான். பெண்கள் நடைவழியில் நின்று, சுவரிலிருந்த சிறு ஜன்னல் வழியே வாங்கிக் குடிக்க வேண்டும். சலவை ஆலையில் நாளெல்லாம் ஈரத்தில் நின்று வேலை பார்த்த அவள் அம்மா ஐவி, ஒரு பனிக்கால மாலையில் முன்னறைக்குள் போய் நெருப்பருகே உட்கார்ந்தாள். பப்காரன் அவளை எழுப்பி வெளியே அனுப்பிவிட்டான்.

மறுநாள் ஐவி சமையலறை நாற்காலியைத் தூக்கிவந்து பப் வாசலில் போட்டு உட்கார்ந்தாள். ஆலைப் பெண்கள் பின்னாலேயே தங்கள் நாற்காலிகளோடு வந்து, வழியை அடைத்துக்கொண்டு பின்னல் பின்னினார்கள். உள்ளே போக வந்த ஆண்கள் ஒவ்வொருத்தியிடமும் மன்னிப்புக் கேட்டு முழங்காலை இடித்துக்கொண்டுதான் போக முடிந்தது.

"எங்கப்பாவும் வந்தாரு" என்றாள் ஜானிஸ். "'வீட்டுக்கு வா ஐவி, என் மானம் போகுது'ன்னாரு. அம்மா தலையத் தூக்கவே இல்ல. 'நீ உள்ள போ, உன் மானம் அங்கதான் நெருப்புல குளிர்காயுது'ன்னுச்சு. எதிர்வீட்டு மாடியிலருந்து நான் பாத்துக்கிட்டிருந்தேன். உள்ள போனவரு கொஞ்ச நேரத்துல கிளாஸோட வெளிய வந்து, அம்மா காலடியில தரையில உக்காந்துட்டாரு. கிளாஸை அம்மா கையில குடுத்தாரு."

அதற்குப் பிறகு மற்றவர்களும் ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். எரிகிற கணப்பும் பப்காரனும் மட்டும்தான் உள்ளே மிச்சம். கடைசியில் அவன் கதவை அகலத் திறந்து, "உள்ள வந்து தொலைங்கம்மா, குளிருது" என்றானாம்.

கடை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஹர்பால், "ஏங்க்கா, தினம் பால் வாங்க வர்றீங்க, ஒரு வார்த்தை சொன்னீங்களா?" என்றார். "அந்தக் கணப்பு இன்னும் இருக்கு, வாங்க."

சிப்ஸ் பெட்டிகளை அவர் ஒவ்வொன்றாக நகர்த்தினார். பின்னால் பச்சை ஓடு பதித்த பழைய கணப்பு, ஒரு கீறல்கூட இல்லாமல் நின்றது. கூட்டத்திலிருந்த பெண்கள் நெருக்கியடித்துக்கொண்டு உள்ளே போனார்கள். ஜானிஸ் ஓட்டின் மேல் கையை வைத்தாள். அம்மா அந்த இடத்தைப் பற்றி வீட்டில் பெருமையடித்து அவள் கேட்டதே இல்லை. எவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டு மறுநாள் பேசாமல் வேலைக்குப் போயிருக்கிறாள்! நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

ஹர்பால் அந்தப் பெட்டிகளைத் திரும்ப அங்கே அடுக்கவே இல்லை.

அடுத்த மாதம் நெவிலுக்குக் குரல் திரும்பிவிட்டது. மளிகைக்கடை முன் வந்து, "இங்கதான் ஐவி..." என்று ஆரம்பித்தார்.

"ஜானிஸ் சொல்லட்டும்!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

"கேட்டியா? என்னைச் செல்லாக்காசு ஆக்கிட்ட" என்று புலம்பியபடி ஒதுங்கினார் நெவில். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"தள்ளி நில்லுய்யா, மறைக்குது" என்றாள் ஜானிஸ்.