ஹோல்ட்டுக்குப் பதினோரு சந்தேகம்

அகராதி அலுவலகத்தில் ஒரு விதி உண்டு. சொல்லுக்குப் பொருள் எழுதுபவருக்குச் சந்தேகம் வந்தால் மஞ்சள் சீட்டில் எழுதி அனுப்ப வேண்டும்; மூலம் பார்ப்பவர் பழைய நூல்களைப் புரட்டிவிட்டு நேரில் வந்து தீர்த்துவைக்க வேண்டும். பொருள் எழுதுகிறவனுக்கு அதுவரை வாழ்க்கையில் சந்தேகமே வந்ததில்லை. மூலம் பார்க்க அவள் சேர்ந்த பிறகு அறிவுப் பசி தாங்க முடியவில்லை.

ஆங்கிலத்தில் பிடிப்பது பற்றிய வினைச்சொற்கள் அவர்கள் பங்கு. ‘கிளட்ச்’ விரல்களை வளைப்பதிலிருந்து வந்தது என்றாள், அவனுக்கு நான்கு சந்தேகம். ‘கிராஸ்ப்’ இருட்டில் தடவித் தேடுவதைக் குறிக்கும் சொல்லுக்கு உறவாக இருக்கலாம் என்றாள், ஆறு. ஒவ்வொரு முறையும் எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு விளக்குவாள். அவன் தலையாட்டுவான். காதில் ஒன்றும் ஏறாது.

‘ஹோல்ட்’தான் கடைசி. அது முடிந்ததும் அவள் வேறு ஊருக்கு, வேறு வேலைக்குப் போகிறாள். அவனுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆகவே பதினோராவது சீட்டையும் அனுப்பினான்.

பதிப்பாசிரியர் எட்டிப் பார்த்தார். “ஒரு சொல்லுக்கு எத்தனை நாள் தம்பி? எனக்குப் பொண்ணு பார்த்து கல்யாணமே இதைவிடச் சீக்கிரம் முடிஞ்சுது.”

மதியம் அவள் வந்தாள். உட்காரவில்லை.

“ஹோல்ட்னா ஆதியில ஆடு மாடு மேய்க்கிறதுன்னு பத்து தடவை சொல்லியாச்சு. இறுக்கிப் பிடிக்கிறது இல்ல, தொலைஞ்சு போகாம பார்த்துக்கிறது. இன்னும் என்னங்க சந்தேகம்?”

“எத்தனை மாடுன்னு போடலையே.”

அவள் சிரிக்கவில்லை. “இன்னைக்கு வெள்ளிக்கிழமை. இங்க வேலை முடிஞ்ச கடிதம் இல்லாம திங்கட்கிழமை அங்க சேர்த்துக்க மாட்டாங்க. சந்தேகம் தீர்ந்துச்சுன்னு நீங்க கையெழுத்து போட்டாத்தான் கடிதம். தெரியுமா?”

“தெரியாதுங்க.” பத்து நாளில் அவன் சொன்ன முதல் உண்மை அது. பேனாவை எடுத்து அவள் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டான்.

தாளை வாங்கிக்கொண்டவள் நகரவில்லை. “வேற ஏதாவது கேக்கணுமா?”

“அந்த ஊர்ல மழை உண்டா?”

“போய்ப் பார்த்துட்டு எழுதறேன்.”

“யாருக்கு?”

“கேட்டவங்களுக்குத்தான்.”

தாளை மடித்துக்கொண்டாள். பிறகு போனாள். படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஒவ்வொரு படியாகத் தேய்ந்தது. மொத்தம் முப்பத்து நான்கு படிகள். பதினேழாவதில் சத்தம் ஒரு நொடி நின்றது. எழுந்து ஓடினால் இன்னும் பாதிப் படிகள் இருந்தன. அவன் எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.