மடிக்கொடிக்குக் கீழே

பேசிக்கொண்டிருக்கும்போதே இன்றைக்கும் இணைப்பு போய்விட்டது. கணினித் திரையில் ஆர்ஷாவின் முகம் பாதி திறந்த வாயுடன் அப்படியே நின்றது. ஸ்ரீப்ரியா ஹெட்செட்டைக் கழற்றவில்லை. கழற்றினால் எழுந்திருக்க வேண்டும். எழுந்தால் முன்ஹாலுக்குப் போய் அந்த இணையப் பெட்டியை அணைத்துப் போட வேண்டும். இணைப்பு தானாக வந்தாலும் வரும் என்று உட்கார்ந்திருந்தாள். கைப்பேசிதான் அடித்தது.

“சேச்சி, இனி எனக்கு ஒண்ணும் செய்ய முடியாது கேட்டோ. சாயங்காலம் கிளையண்ட் கால் உண்டு. அதும் கட் ஆனா, நாளை முதல் ஆபீஸ் வரணும்னு மேல சொல்லியாச்சு.” ஆர்ஷாவுக்கு மகள் வயது. டீம் லீட். குரலில் கோபமில்லை, அதுதான் பயமாக இருந்தது.

கழக்கூட்டத்து ஆபீஸுக்குப் போய்வருவது பெரிய காரியமில்லை. அடுத்த அறையில் வாதம் வந்து கிடக்கும் அப்பாவை யார் புரட்டிப் படுக்கவைப்பது? அவரை இங்கே கொண்டுவந்த அன்று கணவர் பட்டாபி, “இருந்துட்டுப் போகட்டும்” என்று மட்டும் சொன்னார். பிறகு ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால்கூடத் தேவலை என்று அவளுக்குத் தோன்றுவதுண்டு. மாப்பிள்ளை வீட்டில் மாமனார் படுத்திருக்கும்போது, மனைவி வேறு எதைக் கேட்டுவிட முடியும்?

கேபிள்காரன் தாசையன் மழையில் நனைந்துகொண்டு வந்தான். அக்ரஹாரத்து வீட்டின் தடித்த சுவர்களை வைஃபை தாண்டாது என்று, முன்ஹாலிலிருந்து அவள் அறைவரை ஒயர் இழுத்துக் கொடுத்தவன் அவன்தான். பெட்டியை மாற்றினான். இரண்டு முனையிலும் பிளக்கை வெட்டிப் புதிதாக அடித்தான். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“அக்கா, இனி நடுவுல, இடைகழில இருக்க சாக்கெட்டு ஒண்ணுதான் பாக்கி. அத நான் தொறக்கவே இல்ல.”

“ஏன்?”

“நல்லா கேட்டீங்க! அந்தப் பக்கம் போகாதேன்னு நீங்கதான என்னைய வெரட்டுனீங்க?”

அவள்தான் சொன்னாள். இடைகழியில் உயரத்தில் கட்டியிருந்த மூங்கிலில் பட்டாபியின் மடி வேஷ்டி தொங்கும். தெருக்கோடிக் கிருஷ்ணன் கோயில் மடப்பள்ளியில் அவர் நைவேத்யம் செய்கிறார். விடியலில் குளித்து, தானே நனைத்துப் பிழிந்து, கோலால் மேலே ஏற்றுவார். சாயங்காலம் மறுபடி குளித்து உடுக்கும்வரை அதை யாரும் தொடக்கூடாது. அவளும்தான்.

நிமிர்ந்து பார்த்தாள். மழைக்காலத்தில் சரியாகக் காயாத வேஷ்டியின் நுனியில் ஒரு சொட்டு திரண்டது. சுவரில் விழுந்து, வழிந்து, சாக்கெட்டின் மேல் விளிம்பில் மறைந்தது. தினமும் இப்படித்தான் இறங்கியிருக்கும். தினமும் அவள் அதற்குக் கீழேதான் நடந்திருக்கிறாள்.

தாசையன் மூடியைத் திறந்தான். உள்ளே செம்பெல்லாம் பச்சை பூத்திருந்தது. “புதுசு போட்டுருலாம். ஆனா தண்ணி நிக்கணும்லா? துணிய எடம் மாத்தாம நான் என்ன வித்த காட்டுனாலும் கனெக்சன் நிக்காது.”

கோலால் தள்ளினால் தீட்டில்லை. ஸ்ரீப்ரியா கோலை எடுத்து வேஷ்டியை ஜன்னல் பக்கமாக மெல்ல நகர்த்தினாள். ஈரத்துணி கனத்தது. தோள் வலித்தது. பாதி வழியில் அது சறுக்கி, மொத்தமாக அவள் தோளில் விழுந்தது. குளிர்ந்த, கனமான துணி. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாசையன் சட்டென்று சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டான். “நான் ஒண்ணும் பாக்கலக்கா.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அது பாதியிலேயே நின்றது. அவள் பட்டதில் மடி போயிற்று; திரும்ப நனைத்தால் சாயங்காலத்துக்குள் காயாது. மாற்று மடி வேஷ்டி கிடையாது. அவர் வரட்டும், சொல்லிக்கொள்ளலாம். துணியைக் கோலில் ஏற்றி, ஜன்னலோரம் விரித்துவிட்டாள்.

சாயங்காலம், புது சாக்கெட்டில் இணைப்பு ஒரு முறைகூட அறுபடவில்லை. அமெரிக்காக்காரர் பேசப் பேச அவள் குறிப்பெடுத்தாள். பட்டாபி எப்போது வந்தார், எப்போது குளித்தார் என்று கவனிக்கவில்லை. திறந்திருந்த கதவு வழியே, ஈரத் தலையுடன் அவர் கோலை உயர்த்துவது தெரிந்தது.

“இங்கயா போட்டேன்?” என்று தனக்குள்ளேயே கேட்டுக்கொண்டார். வேஷ்டியைத் தடவிப் பார்த்தார். “பரவால்லையே, இன்னிக்கு நன்னா ஒணங்கியிருக்கு.”

ஸ்ரீப்ரியா நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாள். மைக்கை அணைக்கும் பொத்தானுக்கு விரல் போயிற்று.

“ஸ்ரீப்ரியா சேச்சி?” காதில் ஆர்ஷா கேட்டாள். “அவங்க உங்ககிட்டதான் கேக்கறாங்க. லைன்ல இருக்கீங்கதானே?”

வெளியே பட்டாபி வேஷ்டியை உதறி இடுப்பில் சுற்றினார். கொசுவத்தை ஒவ்வொரு மடிப்பாக நீவிச் சேர்த்துக்கொண்டிருந்தார்.