முடித்தால் பூட்டிவிடுவார்கள்

1

முழங்கால் வலிக்கிறது. நாள் முழுக்கக் குத்தவைத்து டைல்ஸ் ஒட்டுகிறவனுக்கு வலிக்காமல் என்ன செய்யும்? காலை நீட்டிப் போட்டுத் தைலம் தடவிக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. எங்கள் பகுதிச் சமூகக் கூடத்துக்குப் பொறுப்பாளராக இருக்கும் என் கொழுந்தியாள் என் தலையில் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'கைபேசி என்பது மக்களையும் சமூகக் கூடத்தையும் இணைக்கும் பாலமாக—'

வேண்டாம். பாலம் என்றால் எனக்குப் பாலம் கட்டுகிற வேலையில் என் அம்மா சுமந்த ஜல்லிதான் ஞாபகத்துக்கு வரும்.

2

நடந்தது இதுதான். கூடத்துக்கு ஆள் வருவதில்லை. மாதக் கடைசிச் சனிக்கிழமை மேலதிகாரி பார்க்க வருவார். காலியாகக் கிடந்தால் பூட்டி, குழாய் அடுக்கும் கிடங்காக்கிவிடுவார். கொழுந்தியாளுக்கு வேலை போய்விடும்.

அவள் சும்மா இருக்கவில்லை. வாட்ஸ்அப் குழு தொடங்கினாள், தெருவே சேர்ந்தது. கணினி வகுப்பு, மருத்துவ முகாம் என்று வண்ண வண்ணமாக அறிவிப்புப் போட்டாள். சுவரில் க்யூஆர் கோடு ஒட்டினாள். வாக்கெடுப்பு வைத்தாள். ஈ காக்கை எட்டிப் பார்க்கவில்லை.

"இத்தனை பேர் குழுவுல இருக்காங்க மாமா. ஒருத்தர்கூடவா படிக்கறதில்ல?"

"சிமெண்டுக் கையால தொட்டா ஸ்க்ரீன் எங்கேம்மா நகருது? இஸ்திரிக்காரம்மாவுக்கு ஒரு கையில பெட்டி, ஒரு கையில சட்டை. காது மட்டுந்தான் சும்மா இருக்கு."

"அப்ப காதுக்கு ஏதாவது குடுங்க. கதை எழுதறேன், கதை எழுதறேன்னு அக்கா உயிர வாங்கறீங்கல்ல? அத வாயால சொல்லுங்க."

(அக்கா என்பது என் மனைவி. உயிரை வாங்குவது உண்மைதான்.)

3

தினமும் வேலைக்கு நடுவே ஒரு துண்டுக் கதையைக் குரல்பதிவாகக் குழுவுக்கு அனுப்பினேன். ஒரு கூடத்தைப் பூட்ட அதிகாரி வருகிறார், சிடுமூஞ்சி, கல்நெஞ்சுக்காரர். பொறுப்பாளர் கண்ணீரோடு சாவியை நீட்டுகிறாள். அங்கே நிறுத்தினேன். கண்ணீர் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

முதல் பதில் இஸ்திரிக்காரம்மாவிடமிருந்து, குரலாகவே வந்தது. "ஏன் தம்பி, அவளுக்கு வேற வேலையே இல்லையா? சாவிய இடுப்புல சொருகிக்கிட்டு வாசல்ல உக்காரச் சொல்லு!"

அடுத்து லாரி டிரைவர். "உக்காந்தா மட்டும்? அதிகாரிகிட்டப் பேசணும், பேசினாத்தான் வேலை நடக்கும்."

"நீ உன் பொண்டாட்டிகிட்டயே பேச மாட்டே. அதிகாரிகிட்டப் பேசப் போறியாக்கும்!" மறுபடி இஸ்திரிக்காரம்மா.

டிரைவரின் மனைவி ஒரு சிரிப்பை மட்டும் பதிவு செய்து அனுப்பினார். நீளமான சிரிப்பு.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. கொழுந்தியாள் நிஜத்தில் அழவே இல்லை. அப்புறம் கதையில் ஏன் அழுகிறாள்? எழுத எனக்கு வசதி, அவ்வளவுதான். கண்ணீரை எடுத்துவிட்டேன்.)

சண்டை முற்றியதும் கொழுந்தியாளின் குரல் வந்தது. "இங்க கத்தாதீங்க. சனிக்கிழமை சாயங்காலம் கூடத்துக்கு வாங்க. அவ சாவியக் குடுக்கணுமா வேணாமான்னு நேர்லயே பேசிக்கலாம்."

4

'சனிக்கிழமை கூடம் மக்கள் வெள்ளத்தில்—'

வெள்ளமெல்லாம் இல்லை. நாற்காலி போதவில்லை, பாதிப் பேர் சுவரில் சாய்ந்து நின்றார்கள். வேலை முடிந்த கையோடு, குளிக்காமல்கூட வந்திருந்தார்கள். அதிகாரி உள்ளே நுழைந்ததுமே இஸ்திரிக்காரம்மா பிடித்துக்கொண்டார்.

"சார், நீங்களே ஞாயத்தச் சொல்லுங்க. அவ சாவியக் குடுக்கலாமா?"

"எந்தச் சாவி?"

நின்ற இடத்திலேயே அவருக்கு முழுக்கதையும் சொல்லப்பட்டது, பல வாயால், ஒரே நேரத்தில். கதையில் வருகிற அதிகாரி தான்தான் என்று அவருக்குப் பாதியில் உறைத்தது.

"அந்த ஆள ஏங்க இவ்வளவு மோசமா வெச்சிருக்கீங்க?" என்று என்னைக் கேட்டார்.

"கதை இன்னும் முடியல சார். மாத்திக்கலாம்."

சிரித்துவிட்டார். போகும்போது கொழுந்தியாளிடம், "அடுத்த மாசமும் வருவேன். இதே மாதிரி ஆள் இருந்தா பூட்ட வேணாம். இல்லேன்னா என் கையில ஒண்ணுமில்ல," என்றார்.

5

முடிவுக்குப் பஞ்சமில்லை. அவள் சாவியைக் கொடுத்துவிடுகிறாள். கொடுக்க மறுக்கிறாள். அதிகாரியே சாவியை வாங்காமல் திரும்பிப் போகிறார். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூடத்தில் ஒன்றைச் சொல்லிப் பார்க்கிறேன். ஒன்றுக்கும் எல்லாரும் ஒத்துக்கொள்வதில்லை. ஒத்துக்கொண்டால்தான் ஆபத்து. கை தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். கணினி வகுப்புக்கு இப்போதுதான் நாலு பேர் சேர்ந்திருக்கிறார்கள், அதில் டிரைவரும் அவர் மனைவியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. அந்த வகுப்பு கொஞ்சம் காலூன்றட்டும்.

வேண்டுமானால் நீங்கள் ஒரு முடிவை எடுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து எங்கள் குழுவில் மட்டும் போட்டுவிடாதீர்கள்.

இன்று காலை இஸ்திரிக்காரம்மா வழிமறித்தார். "எங்கிட்ட மட்டும் உண்மையச் சொல்லு தம்பி. குடுக்கறாளா, இல்லையா?"

"யோசிச்சுக்கிட்டே இருக்கேன்க்கா," என்று நழுவினேன்.

பொய். எது சரியான முடிவு என்று எனக்குத் தெரியும். அது அவருக்கு நான் கொடுக்க வேண்டிய கடன். இன்னும் கொடுக்கவில்லை.