மூன்றாம் தண்ணீர் ஊற்றும் வரை

தெள்ளுப்பூச்சியை நசுக்கியவள் கிருஷாந்திதான். செவ்வாய்க்கிழமை காலையில் குழந்தையின் கம்பளியை உதறும்போது அது துள்ளி விழுந்தது. இரண்டு கட்டைவிரல் நகத்துக்கும் நடுவில் வைத்து நசுக்கிப் போட்டாள். குழந்தை பிரியந்திக்கு அப்போது இரண்டு வயது. அவள் வயிற்றில் நாலு சிவப்புப் புள்ளிகள். முந்தின நாள் முழுக்க தோட்டத்து லய வீடுகளைச் சுற்றும் நாய் அந்தக் கம்பளியில்தான் சுருண்டு கிடந்தது. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் பீலிக் குழாயடிக்குப் போனாள். பக்கத்து வீட்டு ராசம்மா குழந்தையின் சட்டையைத் தூக்கிப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தாள்.

"அடியே, இது ஆத்தா இல்ல?"

பூச்சிக்கடி என்று சொல்ல வேண்டியதுதான். சொல் நாக்குவரை வந்தது. ஆனால் மறுநாள் புதன்கிழமை என்ற நினைப்பும் கூடவே வந்தது.

புதன்கிழமை அவள் புருஷன் துஷாந்த் கொழும்புக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். உகண்டாவில் தேயிலை அரைக்கும் ஒரு ஸ்டோரில் அவனுக்கு ஏஜென்சி மூலம் வேலை கிடைத்திருந்தது. இருபத்துநாலாம் திகதி விமானம். மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டதற்கான அட்டை இல்லாமல் அந்த நாட்டுக்குள் விடமாட்டார்கள். அந்த ஊசி கொழும்பில் மட்டும்தான். போட்ட அன்றைக்கே அட்டை கிடைத்துவிடும், ஆனால் அது செல்லுபடியாகப் பத்து நாள் ஆகும். அதாவது பதினான்காம் திகதியைத் தாண்டினால் பயணம் இல்லை. அன்று பதினொன்று.

"அப்படியாக்கா?" என்றாள் கிருஷாந்தி.

அவ்வளவுதான் சொன்னாள். பிறகு எத்தனையோ தரம் அந்த ஒரு சொல்லைப் புரட்டிப் பார்த்திருக்கிறாள். பொய் என்று அதில் எதையும் பிடிக்க முடியாது. அதனால்தான் அது அவ்வளவு சுலபமாக வாயிலிருந்து வந்தது.

அவளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது அம்மா குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போனாள். இரண்டு வருஷம் என்று போனவள் பதினொரு வருஷம் கழித்து வந்தாள். வந்தவளை என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் கிருஷாந்தி ஒரு வாரம் வாய் திறக்கவே இல்லை. துஷாந்தும் இரண்டு வருஷம் என்றுதான் சொன்னான்.

டவுனுக்குப் பெரிய பேக் வாங்கப் போயிருந்த துஷாந்த் பத்து மணிக்குத் திரும்பினான். முந்தின நாள்தான் லிந்துலை ஸ்டோரில் அவனுக்குக் கடைசி நாள். எட்டு வருஷம் அங்கே வேலை பார்த்தவன். அரைத்துப் பரப்பிய கொழுந்தை முகர்ந்தே அடுப்புக்கு எப்போது விடலாம் என்று சொல்லிவிடுவான். டீமேக்கரே சில நாள் அவனைக் கூப்பிட்டு முகரச் சொல்வார். புது பேக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தவனை ராசம்மா வாசலிலேயே நிறுத்தினாள்.

"செருப்ப அங்கயே கழட்டு தம்பி. வீட்ல ஆத்தா வந்திருக்கா."

"யாருக்கு?"

"ஒனக்கா வரப்போறா? புள்ளைக்குத்தான்."

அவன் முகம் விழுந்துவிட்டது. அம்மை கண்ட வீட்டில் தாளிக்கக்கூடாது, மருந்து ஊசி கூடாது, மூன்று தண்ணீர் ஊற்றி முடியும்வரை யாரும் தூரப் பயணம் போகக்கூடாது. இதெல்லாம் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டுப் பார்த்தான்.

"விடியக்காலம் போயிட்டு ராவுக்குள்ள வந்துர்றேன்க்கா. ஒரே ஒரு ஊசிதான்."

"அது என்னா ஊசி?"

"காய்ச்சல் வராம இருக்கப் போடுறது."

"நல்லா இருக்கு. வீட்டுக்குள்ள ஆத்தா குந்தியிருக்கா, நீ ஒடம்புல மருந்த ஏத்திக்கிட்டு வந்து அவ முன்னுக்கு நிப்ப. புள்ளைக்குக் கண்ணுல எறங்குனா அந்த ஏஜென்சிக்காரியா வந்து பாப்பா?"

துஷாந்த் கிருஷாந்தியைப் பார்த்தான். "நீ என்ன சொல்ற?"

அப்போதும் நேரம் இருந்தது. அவன் கேட்டது அவளிடம். அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் ராசம்மாவைச் சிரித்து அனுப்பிவிட்டு அவன் பஸ் ஏறியிருப்பான்.

"புள்ளைய விட பெருசா எதும் இருக்குங்களா?" என்றாள்.

அவன் பேக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான்.

லிந்துலைக் குளிரில் வேப்பமரம் கிடையாது. அன்று மத்தியானமே ரயில் ஏறி நாவலப்பிட்டிக்கு இறங்கிப்போய் வேப்பிலை ஒடித்து வந்தான். அதே ரயில்தான் கொழும்புக்கும் போகிறது. பாதி வழி போனவன் இலைக்கட்டோடு திரும்பி வந்து கதவில் செருகினான். மூன்றாம் நாளே புள்ளிகள் மறைந்துவிட்டன. "ஆத்தா லேசா எட்டிப் பாத்துட்டுப் போயிட்டா" என்றாள் ராசம்மா. ஆனாலும் முறை முறைதான். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் வைத்த தண்ணீரைச் சனி, திங்கள், புதன் என்று மூன்று நாள் குழந்தையின் தலையில் ஊற்றினாள் கிருஷாந்தி. மூன்றாவது தண்ணீர் ஊற்றும்போது பத்தொன்பதாம் திகதி. நோட்டன் பிரிட்ஜ் ஊரில் ஒருவன் ஏற்கெனவே ஊசி போட்டு வைத்திருந்தானாம். ஏஜென்சி அவனை அனுப்பிவிட்டது.

லிந்துலை ஸ்டோரில் துஷாந்தின் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டான். டீமேக்கர் கையை விரித்தார். அவன் நுவரெலியாப் பக்கம் கரட் கிழங்கு கழுவப் போனான். விடியக்காலை ஐந்து மணிக்குப் பனித்தண்ணீரில் கை வைக்க வேண்டும். ஒரு மாதத்தில் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மண் வாடையைத் தவிர வேறு எதையும் மூக்கு அறிவதில்லை என்று ஒருநாள் சொன்னான். குறையாகச் சொல்லவில்லை. சோறு தின்றுகொண்டே சொன்னான். அவன் ஒருநாளாவது கத்தியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எட்டு மாதம் கழித்து ஏஜென்சியிலிருந்து மறுபடி போன் வந்தது. அதே உகண்டா ஸ்டோர், அதே வேலை. இந்தத் தடவை ஊசி போட ஒரு மாதம் அவகாசம் இருந்தது.

"யோசிச்சு நாளைக்குச் சொல்றேன் மிஸ்" என்று வைத்துவிட்டுக் கிருஷாந்தியிடம், "போகல" என்றான்.

"ஏங்க?"

"ஒருக்கா ஆத்தாவே குறுக்க வந்து வேணாம்ட்டா. மீறிப் போயி அங்க என்னத்துக்கு ஆவுறது?"

அவள் அடுப்பை அணைத்தாள். எட்டு மாதமாக நெஞ்சில் கிடந்ததை எடுத்து வைத்தாள்.

"அது ஆத்தா இல்லங்க. தெள்ளுப்பூச்சி. நானே பாத்தேன், நானே நசுக்கினேன். நீங்க போயிருவீங்கன்னு வாய மூடிக்கிட்டேன்."

துஷாந்த் வெடித்த தன் விரல்களைப் பார்த்தான். கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"என் கையப் பாத்து ஒனக்கு மனசு கேக்கல" என்றான். "அதுக்காக இப்படிச் சொல்லாத புள்ள."

"சத்தியமாங்க."

"மூணு தண்ணி ஊத்துனியே. பூச்சிக்கடிக்கா ஊத்துன?"

ஊத்தினாள்தான். கைகூப்பிக் கும்பிட்டுத்தான் ஊத்தினாள். அவன் எழுந்து ராசம்மாவைக் கூப்பிட்டான். அவள் ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"பூச்சியா? ரெண்டு கண்ணாலயும் பாத்தவ நானு. முத்து முத்தா நின்னா மகமாயி. என்னாடி பேசுற நீ? சம்பாத்தியத்துக்கு ஆசப்பட்டு சாமிய பூச்சிங்கிறியா?"

கிருஷாந்தி மறுபடி சொன்னாள். நாய் படுத்ததைச் சொன்னாள், கம்பளியை உதறியதைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அவளுக்கே அது இப்போது ஜோடித்த கதை மாதிரிக் கேட்டது. ராசம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். துஷாந்த் தலையை ஆட்டினான்.

மறுநாள் காலையில் ஏஜென்சிக்கு அவனே போன் எடுத்தான். "வேற ஆளப் பாருங்க மிஸ். நம்மளுக்கு அது அமையாது."

வெள்ளிக்கிழமை அவளையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்குப் போனான். தேங்காயும் பூவும் அவனே வாங்கினான். தட்டை வாங்கிய பூசாரி யார் பேருக்கு, என்ன குறை என்று கேட்டார். கிருஷாந்தி வாய் திறக்குமுன் துஷாந்த் சொன்னான்.

"இவ பேருக்குங்க சாமி. ஆத்தா விசயத்துல வாய் தவறி ஒரு பொய் சொல்லிட்டா. மன்னிக்கச் சொல்லுங்க."

பூசாரி அவள் பேரும் நட்சத்திரமும் கேட்டார். சொல்லிவிட்டுக் கும்பிட்டாள்.