ஓத நாட்காட்டியில் சில பென்சில் புள்ளிகள்

1

உண்மையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குத் தோன்றியது அல்ல, என்னிடம் மிஞ்சிப்போனது. காட்டு உயிர்களைக் கடத்தி விற்பவர்களின் கறுப்புப் பணம் வங்கி வழியாகத்தான் வெள்ளையாகிறது. அது வங்கிக்காரர்களுக்கு எவ்வளவு தெரிந்திருக்கிறது என்று நேரில் போய்க் கேட்டு எழுதும் வேலையை ஒரு சங்கம் எனக்குக் கொடுத்திருந்தது. நாற்பத்தொரு கிளைகள், இருபத்திரண்டு கேள்விகள். அறிக்கையைக் கொடுத்தேன், சம்பளத்தையும் வாங்கிக்கொண்டேன். ஆனால் அறிக்கைக்குள் அடங்காத ஒரு பெண்மணி வெளியிலேயே நின்றுகொண்டிருந்தார். அவரை எங்கே உட்கார வைப்பது?

இங்கேதான். உட்காருங்கள், மரிவோன்.

(மரிவோன் என்பது அவர் பெயரல்ல. "பேரை மாத்திடுறேன்" என்றேன். "அப்ப மரிவோன்னு வைங்க. பள்ளிக்கூடத்துல என் ஜடையைப் பிடிச்சு இழுத்தவ. வம்பு வந்தா அவளுக்கே போகட்டும்" என்றார்.)

2

எப்படித் தொடங்குவது என்று மூன்று நாள் மண்டை காய்ந்தது. முதலில் எழுதியது இது:

"அட்லாண்டிக்கின் நடுவே, ஒளி புகாத ஆழத்தில், ஒரு தாய் விலாங்கு…"

அடித்துவிட்டேன். நான் என்ன கடலுக்கடியில் போய்ப் பார்த்தேனா? காரைக்காலில் பிறந்து இருபத்தேழு வருடமாகப் பிரான்சில், பிரெத்தாஞ் கரையின் மழையில் நனைகிறேன், அவ்வளவுதான் என் நீச்சல்.

அடுத்தது:

"கோல்வென் ஒரு கடத்தல்காரன். அவன் கண்களில்…"

அவர் ஒரு மீனவர், கண்களில் கண்புரை இருக்கிறது. வேறொன்றும் இல்லை. இதையும் அடித்தேன்.

மூன்றாவது:

"விலேன் ஆறு கடலில் சேரும் ஊரில், வங்கிக் கவுண்ட்டர்மேல், தயிர் வந்த கண்ணாடிக் குடுவையில் ஒரு சிவப்புக் கமேலியாப் பூ இருந்தது."

இது இருக்கட்டும். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

3

மரிவோனிடம் போவதற்கு முன் பார்த்த கிளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு மேலாளர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"யானைத் தந்தம், காண்டாமிருகக் கொம்பு, அதெல்லாம் ஆப்பிரிக்கால மதாம். எங்க ஊர்ல மாடுதான் இருக்கு."

"விலாங்கு இருக்கே, முசியே."

"விலாங்கா? அதைப் பூண்டு போட்டு வதக்கில்ல சாப்பிடுவோம்!"

அடக் கடவுளே. அவர் அலுவலக ஜன்னலைத் திறந்தால் ஆறு. குளிர்காலத்தில், ஓதம் பெருகிக் கடல்நீர் மேலேறும் நாட்களில், அந்த ஆற்றுக்குள் விரல் நீளத்துக்கு விலாங்குக் குஞ்சுகள் வருகின்றன. உடம்பு முழுக்கக் கண்ணாடி, கண் மட்டும் இரண்டு கறுப்புப் புள்ளி. பிறந்த இடத்திலிருந்து இங்கே மிதந்து வர இரண்டு வருடம்போல ஆகும். உரிமம் வாங்கிய மீனவர் இவ்வளவு எடை பிடிக்கலாம் என்று கணக்குண்டு. அதற்கு மேல் பிடிப்பது, தண்ணீர்ப் பையில் பிராணவாயு அடைத்து, பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே ஆசியாவின் விலாங்குப் பண்ணைகளுக்கு விமானம் ஏறுகிறது. குஞ்சு போனால் விலாங்கு எங்கே? வருடத்துக்கு வருடம் ஆறு காலியாகிக்கொண்டிருக்கிறது. எனக்கு அதில் உண்மையாகவே வயிறு எரிகிறது. கதையில் இனி நான் யாருக்காவது உருகினால், இந்த எரிச்சலையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மரிவோனுக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தக் கிளையில் கவுண்ட்டர் ஒன்றுதான், அதில் அவர்தான். நான் கேள்வியை வாசித்து முடிப்பதற்குள் "தெரியாது" என்ற கட்டத்தில் கோடு போட்டுக்கொண்டே போனார்.

"பதினாலாவதை நான் இன்னும் வாசிக்கவே இல்லையே, மதாம்."

"அதுவும் தெரியாதுதான்."

அவர் முதுகுக்குப் பின்னால் சுவரில், வங்கி வருடாவருடம் இலவசமாகக் கொடுக்கும் நாட்காட்டி தொங்கியது. இந்தக் கரையில் வங்கியோ ரொட்டிக் கடையோ, யார் நாட்காட்டி அடித்தாலும் ஒவ்வொரு தேதியின் கீழும் ஓத எண் இருக்கும். எண் நூறைத் தாண்டினால் கடல் ஊருக்குள் எட்டிப்பார்க்கும், நாற்பதுக்குக் கீழே போனால் தூங்கும். மட்டி பொறுக்கப் போகிறவள் என்பதால் எனக்கும் அந்த எண்கள் அத்துப்படி. அதனால்தான் பார்த்தேன். ஓதம் பெருகிய ஒவ்வொரு தடவையும் அதற்கு மூன்றாம் நாள் ஒரு பென்சில் புள்ளி.

"இந்தப் புள்ளியெல்லாம் என்ன, மதாம்?"

"பல் டாக்டர்."

"மாசம் ரெண்டு தடவையா? வாய்ல பல்லே மிஞ்சாதே!"

அவர் சிரிக்கவில்லை. கமேலியாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உங்க படிவத்துல பேர் எழுதுவீங்களா?"

"மாட்டேன்."

"அப்ப அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க."

4

கோல்வென் மனைவியை இழந்தவர். ஒரு படகும் விலாங்குக் குஞ்சு பிடிக்கும் உரிமமும் அவரிடம் இருந்தன. பெருக்கு முடிந்து மூன்றாம் நாள் வங்கிக்கு வருவார். நுழைவாசலில் பணம் போடும் இயந்திரம் இருக்கிறது. அதைத் தாண்டி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு, நேராக மரிவோனிடம் வருவார். ஒரு கையில் உறை, மறு கையில் தன் தோட்டத்துக் கமேலியா. உறைமேல் "சிப்பி வித்த பணம்" என்று எழுதியிருக்கும். மரிவோன் "சிப்பி விற்பனை" என்று தட்டுவார். தலைமை அலுவலகத்தின் கணினிக்கு அது போதும்.

"பிப்ரவரி கடைசியில சிப்பியை எவன் வாங்குவான்? நான் மீன்காரி மக, மதாம். இந்தக் காலத்துச் சிப்பியைத் திறந்தா உள்ள ஒண்ணுமே இருக்காது. அந்தக் கணினிக்கு இதெல்லாம் தெரியுமா? அது பாரிஸ்ல உக்காந்திருக்கு."

"பணம் எங்கருந்து வந்துதுன்னு நீங்க கேட்டிருக்கணும் இல்ல?"

"கேட்டா என் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்லுவாரு. இப்ப அந்தப் பொய்யைக் காகிதத்துக்குத்தான் சொல்றாரு. அது வரைக்கும் எனக்குத் தாங்குது."

குடுவையை அரை அங்குலம் நகர்த்தி வைத்தார். பிறகு மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினார்.

"எனக்குத் தெரிய வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அவரு எனக்காக வர்றாரா, இல்ல நான் கேக்க மாட்டேங்கறதுக்காக வர்றாரா? இதுக்கு உங்க படிவத்துல கட்டம் இருக்கா?"

இல்லை. இருபத்திரண்டு கேள்விகளிலும் இல்லை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

5

மார்ச்சில் இந்தக் கதையின் முதல் வரைவை மரிவோனுக்கே வாசித்துக் காட்டினேன். சந்தைத் தெருக் கடையில் கோதுமைக் கறுப்பு மாவில் சுட்ட

(கறுப்புக் கோதுமை மாவில். பசியோடு எழுதினால் இப்படித்தான்.)

அடையும் ஒரு கோப்பை சீதர் என்ற ஆப்பிள் மதுவும் முன்னால் வைத்துக்கொண்டு கேட்டார். பாதியில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இது யாரு பேத்தி?"

"கோல்வெனோட பேத்தி. ஆஸ்பத்திரியில கிடக்கறா. அந்தச் செலவுக்காகத்தான் அவரு…"

"அவருக்குப் புள்ளையே கிடையாது! படகுக்குப் புது எஞ்சின் வேணும்னு ஆசை, அவ்வளவுதான். ஒருத்தனோட ஆசைக்கு எதுக்குங்க ஒரு நோயாளிப் புள்ளைய இழுக்கறீங்க?"

"வாசிக்கிறவங்க அவரை மன்னிக்கணும் இல்லையா?"

"அவங்க எதுக்கு மன்னிக்கணும்? அவங்க என்ன விலாங்கா?"

அவர் விடவில்லை.

"எனக்கு ஒரு பூனைய வேற குடுத்திருக்கீங்க. தனியா இருக்கற பொம்பளைன்னா உடனே பூனையா? எனக்குப் பூனைன்னாலே தும்மல்."

பேத்தியையும் பூனையையும் எடுத்துவிட்டேன். எடுத்த பிறகு கோல்வென் எழுதுவதற்குக் கஷ்டமான ஆளாகிவிட்டார். ஆசை பிடித்த, தொப்பியைக் கழற்றத் தெரிந்த, சாதாரண மனிதர்.

"எங்கப்பா காலத்துல இந்தக் குஞ்சை வாளியில அள்ளிக் கோழிக்குப் போடுவாங்க" என்றார் மரிவோன். "இப்ப வலையைத் தூக்கினா தண்ணிதான் வடியுது. ஆறு அவருக்கு மட்டுமா சொந்தம்? எனக்கு அவரு மேல அப்படி ஒரு கோவம் வருது, மதாம். பூவை வாங்கிக் குடுவையில வைக்கும்போதே கோவம் வருது."

நான் ஒரு யோசனை சொன்னேன். என் கதைக்கு ஒரு திருப்பம் தேவைப்பட்டது, அதையும் மறைக்கவில்லை. "வர்ற வியாழக்கிழமைதானே பெருக்குக்கு மூணாம் நாள்? அன்னைக்கு லீவு போடுங்க. உங்க இடத்துல வேற ஆளு இருக்கட்டும். நீங்க இல்லன்னு அவரு திரும்பிப் போனா…"

"திரும்பிப் போனா அன்புன்னு அர்த்தமா, பயம்னு அர்த்தமா? ரெண்டுக்கும் அதே நடைதான்." அடையின் ஓரத்தைக் கத்தியால் நறுக்கிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. "வழி ஒண்ணுதான் இருக்கு. நான் சந்தேகம்னு மேல எழுதி அனுப்பணும். விசாரணை வரும். உரிமம் போகும், படகும் போகலாம். யாரு எழுதினதுன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா இந்த ஊர்ல கவுண்ட்டர் ஒண்ணுதானே? அவருக்குத் தெரிஞ்சிடும். வங்கியில போட அவருகிட்ட ஒண்ணும் இருக்காது. அதுக்கப்புறமும் சும்மா கையை வீசிட்டு வந்தாருன்னா…"

அவர் கண் கலங்கியிருந்தது, எனக்கும்தான். பரிமாறுகிற பெண் வந்து சீதர் இன்னும் வேண்டுமா என்றாள். இருவரும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றோம்.

6

முடிவுகள்.

அ. மரிவோன் எழுதி அனுப்பவில்லை. ஒவ்வொரு பெருக்குக்கும் மூன்றாம் நாள் பூ வருகிறது. ஒரு நாள் கோல்வென் அவரை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அழைக்கிறார். படிக்க இதமாக இருக்கிறது. பெட்டிக்குள் துணிகளுக்கு நடுவே கிடக்கிற குஞ்சுகளுக்கு இதமாக இல்லை.

ஆ. எழுதி அனுப்புகிறார். கோல்வென் பிறகு வரவே இல்லை. மரிவோன் குடுவையைக் கழுவி, கவிழ்த்து வைத்து,

(முடியவில்லை. கவிழ்த்து வைத்து என்பதற்கு மேல் என் கை போகவில்லை. இந்தப் பெண்மணியை எனக்குப் பிடித்துவிட்டது, என்ன செய்ய?)

இ. எழுதி அனுப்புகிறார். கோல்வென்

இப்படித் தவிப்பதைவிடக் கேட்டுவிடலாம் என்று ஏப்ரலில் தொலைபேசியில் அழைத்தேன்.

"என்ன ஆச்சு? அனுப்பினீங்களா?"

"அனுப்பினேனா இல்லையான்னு யாருகிட்டயும் சொல்லக் கூடாது, மதாம். அவருகிட்டயும் கூடாது, உங்ககிட்டயும் கூடாது. சட்டம். உங்க பதினேழாவது கேள்வியே அதானே? மறந்துட்டீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பதினேழாவதற்கும் அவர் "தெரியாது" என்றுதான் கோடு போட்டிருந்தார். அவர் கோடு போட்டபடியே மதிப்பெண் கூட்டி, அறிக்கையில் அந்தக் கிளைக்கு நேரே "விழிப்புணர்வு மிகக் குறைவு" என்று எழுதியவள் நான். நாற்பத்தொன்றில் நாற்பத்தொன்றாவது இடம். அந்த மாட்டு மேலாளருக்கு இருபதாவது இடம் கொடுத்தேன். அறிக்கை பாராட்டப்பட்டது.

ஆக, இந்தக் கதையின் முடிவை எனக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆளின் வாயைச் சட்டம் கட்டிப்போட்டிருக்கிறது. எழுதுகிறவளுக்கு இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் சாக்கு அல்ல. எனக்கும் தெரியாது, அவ்வளவுதான்.

7

டிசம்பரில் ஒரு நீளமான உறை தபாலில் வந்தது. கடிதம் இல்லை. மடித்த நாட்காட்டி மட்டும், மரிவோனின் சுவரில் தொங்கிய அதே நாட்காட்டி.

மேசையில் விரித்தேன். ஜனவரியில் இரண்டு புள்ளிகள். பிப்ரவரியில் இரண்டு. மார்ச் முதல் பாதியில் ஒன்று. அதற்குப் பிறகு இல்லை. ஏப்ரலில் ஓத எண் நூற்றைந்துவரை ஏறியிருக்கிறது, மூன்றாம் நாளில் புள்ளி இல்லை. மே முழுக்க வெறுமை.

ஜூன் மாதத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரே ஒரு புள்ளி.

அன்றைய ஓத எண் முப்பத்தெட்டு. கடல் தூங்கும் நாள். ஜூனில் விலாங்குக் குஞ்சு வராது, கமேலியா பூக்காது, புதுச் சிப்பி இன்னும் கரையேறியிருக்காது. அன்றைக்கு வங்கிக்குக் கொண்டுவர அந்த ஊர் மீனவர் யாரிடமும் ஒன்றும் இருந்திருக்காது. மற்றப் புள்ளிகள் எல்லாம் பட்டும் படாமலும் வைத்தவை. இந்த ஒன்று மட்டும் காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி வைத்தது.

பல் வைத்தியராகவும் இருக்கலாம். ஐம்பத்தெட்டு வயதில் பல்லும் வலிக்கும்.

தொலைபேசி பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு புள்ளியைப் பற்றி விசாரிக்க எந்தச் சட்டத்திலும் தடையில்லை. அவர் அதே குரலில் "பல் டாக்டர்" என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன் என்று பயமாக இருக்கிறது. ஆகவே எழுதிப் பார்க்கிறேன்:

"செவ்வாய்க்கிழமை காலை. வங்கிக் கதவு திறந்தது. மரிவோன் தலையை நிமிர்த்தினார். பணம் போடும் இயந்திரத்தைத் தாண்டி, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தவரின் கையில்"

இல்லை, இதை நான் எழுத மாட்டேன். எழுதினால் பேத்தி, பூனை மாதிரி எதையாவது கொண்டுவந்து சொதப்பிவிடுவேன். நீங்கள் எழுதுங்கள். உள்ளே வருவது யார், என்ன சொல்கிறார், மரிவோன் என்ன சொல்கிறார், எல்லாம் உங்கள் இஷ்டம். என்னிடமிருந்து ஒரே ஒரு வேண்டுகோள். அவர்தான் வருகிறார் என்றால், அவர் கையில் எதையும் கொடுத்துவிடாதீர்கள். பூவைக்கூட.